லேக்கர் எல்லாம் அரக்கு ஆகாது

ஜப்பானியக் கைவினைப் பொருள்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘அரக்குக் கிண்ணம்’, ‘அரக்குப் பெட்டி’ என்று படிக்கும்போதெல்லாம் என் மனம் ஒப்புவதில்லை. ஆங்கில மூலத்தில் லேக்கர் என்று இருப்பதை அகராதியில் பார்த்து அப்படியே அரக்கு என எழுதிவிடுகிறார்கள். உறவே இல்லாத பல பொருள்களை அந்த ஆங்கிலச் சொல் ஒரே பெயரில் அழைப்பதுதான் சிக்கலுக்குக் காரணம்.

சொல்லின் வேர் நம் நாட்டில்தான் இருக்கிறது. வடமொழியின் லாக்ஷா, பாரசீகத்தையும் அரபியையும் கடந்து, போர்த்துக்கீசியர், பிரெஞ்சுக்காரர் வாய்வழியாக லேக்கர் ஆயிற்று. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சாறு உறிஞ்சி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினையே அது முதலில் குறித்தது. தமிழில் இதற்கு எவ்வளவு நுட்பமான பெயர்கள் இருக்கின்றன! குச்சியோடு ஒட்டியிருக்கும் நிலையில் அது கொம்பரக்கு. உருக்கித் தகடாக்கி நொறுக்கினால் அவலரக்கு. அதே நொறுங்கல்களில் ஆங்கிலேயர் கிளிஞ்சல் ஓட்டைக் கண்டு ஷெல்லாக் என்றார்கள்; நம்மவர் அவலைக் கண்டார்கள்.

ஜப்பானியர் பூசுவது உருஷி என்னும் மரத்துப்பால். மரப்பட்டையைக் கீறி வடிக்கிறார்கள். ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர்தான். அந்த மரம் நம் சேங்கொட்டைக்கும் முந்திரிக்கும் ஒரே குடும்பம் என்பதால், பச்சைப் பால் தோலில் பட்டால் சேங்கொட்டை பட்டதுபோலவே புண்ணாகும். அரக்கு சாராயத்தில் கரைந்து, சாராயம் ஆவியானதும் படலமாக நின்றுவிடும். உருஷியோ ஈரக்காற்று இருந்தால்தான் இறுகும்; பூசிய கலத்தை ஈரப்பதமுள்ள அலமாரியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இறுகிய பின் சாராயம் அதைக் கரைக்காது, சூடான சாறு ஊற்றினாலும் தாங்கும். அவலரக்கு மெருகிட்ட மேசையில் சூடான காப்பித் தம்ளரை வைத்தவர்களுக்கு அந்த வெள்ளை வளையம் தெரிந்திருக்கும். அந்த அரக்கில் சாப்பாட்டுக் கிண்ணம் செய்ததாக எழுதினால் தச்சு வேலை தெரிந்தவர் எப்படி நம்புவார்?

உருஷியை இறுக்கும் நொதியை 1883இல் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் ஹிகோரோகுரோ யோஷிதா. பின்னர் பிரெஞ்சு வேதியியலாளர் கப்ரியேல் பெர்த்ரான் அதற்கு லாக்கேஸ் என்று பெயரிட்டார். பூச்சிப் பிசினின் பெயர் மரத்துப்பாலுக்குப் போய், அங்கிருந்து வேதியியலுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

1920களில் கார்களுக்குப் பூச வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கும் லேக்கர் என்ற அதே பெயர்தான். இன்று நம் மரப்பட்டறைகளில் தின்னர் கலந்து தெளிப்பதும் அந்த வகைதான். ஆசாரிகள் அதை லேக்கர் என்றே சொல்கிறார்கள், அதுவே சரி. பிரிட்டனில் தலைமுடி கலையாமலிருக்கத் தெளிப்பதற்கும் இந்தப் பெயர் உண்டு.

என் வேண்டுகோள் இதுதான்: ஜப்பானியக் கிண்ணத்தை உருஷிக் கிண்ணம் என்றே எழுதுங்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மரப்பொம்மையைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த பூச்சிப் பிசின் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டில் உருக்கி ஏற்றுகிறார்களே, அதற்கு அரக்கு என்ற சொல்லைத் தாருங்கள்.