கோழி தின்ற மருந்தை யார் சொல்வது?

சென்ற ஞாயிறன்று சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் கோழி வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, வெட்டிய கோழி இருந்த பிளாஸ்டிக் பையைக் கூடையில் கொத்தமல்லிக் கட்டின் மேலேயே வைத்தார். முடிச்சிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிந்து தழைக்குள் இறங்கியது. பை ஒழுகுகிறது என்றேன். "வீட்டுல போய்க் கழுவிக்கலாம் தம்பி" என்றார். அந்தக் கொத்தமல்லி வேகப்போவதில்லை. சட்னிக்கு அரைபடும், அல்லது இறக்கிய ரசத்தில் மிதக்கும்.

இரண்டாண்டுகளுக்கு முன் என் தாயாருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. சோதித்தபோது அது ஈ.கோலை கிருமி என்றும், வழக்கமான மாத்திரைகளில் பல அதனிடம் பலிக்காது என்றும் தெரிந்து, ஊசிவழி மருந்துக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அது கோழியிலிருந்து வந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கடைகளில் விற்கும் பச்சைக் கோழியில் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன என்பதை அதன் பிறகுதான் படித்தேன்.

நோய் அண்டாமலிருக்கவும் விரைவில் எடை கூடவும், நோயில்லாத கோழிகளுக்கே தீவனத்திலும் தண்ணீரிலும் ஆண்டிபயாட்டிக் கலப்பது உலகின் பல பகுதிகளில் நெடுங்கால வழக்கம். நாள்தோறும் சிறிதளவு மருந்து படும்போது, சாகும் கிருமி செத்து, தாங்கும் கிருமி தங்கிப் பெருகுகிறது. அத்தோடு நில்லாமல் அந்தத் தாங்குதிறனை வேறு கிருமிகளுக்கும் கைமாற்றிவிடுகிறது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டினையே முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு, சீனாவில் பன்றிகளிடமும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் காணப்பட்டதை 2015 நவம்பரில் வெளியான ஆய்வு அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டுவதற்கான ஆண்டிபயாட்டிக்கை 2006-இலேயே நிறுத்திவிட்டது. நம் மலேசியாவும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. நல்ல முடிவு, ஆனால் அது ஒரே ஒரு மருந்து.

மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். உள்சதை 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் அது செத்துவிடும். ஆகவே கொதிக்கும் குழம்பைக் கண்டு எனக்கு அச்சமில்லை; சட்டிக்குப் போகும் முன் கோழி தொட்ட இடங்களைக் கண்டுதான் அச்சம். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசுவது நம் பாட்டிமார் வழக்கம், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றாலும், குழாயடியில் அலசும்போது கிருமி போவதில்லை, தொட்டியிலும் பக்கத்துத் தட்டிலும் தெறிக்கிறது என்பதே உண்மை. எங்கள் வீட்டில் இப்போது கோழியைக் கழுவுவதில்லை. அதற்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி.

2022-இல் கோழி ஏற்றுமதி நிறுத்தப்பட்டபோதும், 2023 நவம்பரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியபோதும், நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் கோழி விலையைப் பற்றிப் பேசாத மேசையே இல்லை. அந்தக் கோழி என்ன மருந்து தின்று வளர்ந்தது என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்று நான் கோழிக்காரரைக் கேட்டேன். "லாரியில வருது, நான் வெட்டிக் கொடுக்கிறேன்" என்றார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்வதில்லை. அவர் கடையில் தொங்கும் விலைப் பலகைக்குப் பக்கத்தில், பண்ணையின் பெயரும் வளர்ப்பில் கொடுத்த மருந்தும் எழுதப்பட வேண்டுமெனக் கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் ஊர்க்காரர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு சந்தைக்கு அதைக் கொண்டுவருகிறேன்.