அட்டை வரும்வரை காத்திரு

சியோலுக்குப் படிக்க வந்து ஐந்து வாரமாகிறது. இன்னும் ஒரு போர்வைகூட ஆன்லைனில் வாங்க முடியவில்லை. எதைத் தொட்டாலும் சொந்தப் பெயரிலுள்ள கைப்பேசி எண்ணால் உறுதிசெய்யச் சொல்கிறது. விமான நிலையத்தில் வாங்கிய சிம் இதற்குச் செல்லாது. எண் வேண்டுமென்றால் வெளிநாட்டவர் பதிவு அட்டை வேண்டும். 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். சரி, பதியத்தான் துடிக்கிறேன், முன்பதிவுக்கு நாள் கிடைத்தால்தானே!

அட்டை வந்த அறைத்தோழிக்கும் விடிவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீளமான பெயர் அவளுக்கு. மூன்றெழுத்துப் பெயர்களே பழகிய ஊரில், நடுவே ஓர் இடைவெளி மாறினாலும் ‘தகவல் பொருந்தவில்லை’. நேற்றிரவு ஆறு முறை தட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டாள். படிக்க வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் முதல் மாதத்துக்காவது ஒரு வழி செய்திருக்க வேண்டாமா?