அண்டார்டிகாவில் 'போதும்' என்று யார் சொல்வது?

பெங்குவின் கூட்டத்துக்கு முன்னால் சிவப்பு ஜாக்கெட் போட்டு நிற்கும் படங்கள் இப்போது நம் ஆட்களின் பக்கங்களிலும் வரத் தொடங்கிவிட்டன. ஏழு கண்டமும் முடித்தாயிற்று என்று கீழே ஒரு வரி. போனவர்களை வைய இதை எழுதவில்லை. கையில் காசிருந்தால் நானும் போவேன். என் சண்டை வேறு இடத்தில்.

2023-24 பருவத்தில் அண்டார்டிகாவுக்குச் சுற்றுலா போனவர்கள் ஏறக்குறைய 1,22,000 பேர். 1990களின் தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை ஒரு பருவத்துக்கு ஏழாயிரத்தைக்கூடத் தொடவில்லை. 'இந்தியாவைவிட நாலு மடங்கு பெரிய கண்டம், ஒரு லட்சம் பேர் போனால் என்ன குடி முழுகிவிடும்?' என்று கேட்கலாம். கேட்கிறார்கள். ஆனால் அந்த ஒரு லட்சமும் கண்டம் முழுக்கப் பரவிப் போவதில்லை. பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கிளம்பி, டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்து, அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் அதற்கு வடக்கே உள்ள தீவுகளிலும் அதே சில இடங்களில்தான் நிற்கின்றன: நெக்கோ துறை, கூவர்வில் தீவு, ஹாஃப் மூன் தீவு, டிசெப்ஷன் தீவு.

அண்டார்டிகாவில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தீபகற்பத்துப் பெங்குவின்கள் கல் பொறுக்கிக் கூடு கட்ட அந்தத் துண்டு நிலம் வேண்டும். பாசி வளர அதுவே வேண்டும். ரப்பர் படகில் வருகிறவர்கள் இறங்கவும் அதே நிலம்தான். குஞ்சு பொரிக்கும் காலமும் கப்பல் வரும் காலமும் ஒன்றே, நவம்பரிலிருந்து மார்ச் வரை. நெரிசல் என்றால் இதுதான். வரைபடத்தில் கண்டத்தின் அளவைப் பார்த்தால் இது தெரியாது.

கப்பல்காரர்கள் மேல் எல்லாப் பழியையும் போடுவது அநியாயம். 1991-இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பித்த ஐயாட்டோ என்ற சங்கம் அரசாங்கங்களுக்கு முன்பே பல கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. ஒரு இடத்தில் ஒரு நேரத்தில் ஒரே கப்பல்தான். கரையில் ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து ஒருவரும் கரையிறங்க முடியாது. பூட்ஸின் அடியில் விதை ஒட்டியிருக்கிறதா என்று கொக்கி வைத்துக் கிளறிப் பார்ப்பார்கள். பறவைக் காய்ச்சல் தென்துருவப் பக்கம் எட்டிப்பார்த்த பிறகு, கரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது என்றும் விதி. பணம் கட்டி வந்தவரிடம் 'உட்காராதே' என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். சொல்கிறார்கள். பாராட்டியே ஆக வேண்டும்.

ஆனால் 'இந்த வருஷம் இத்தனை பேர் போதும்' என்று அந்தச் சங்கம் ஒருநாளும் சொல்லாது. ஏன் சொல்லும்? பஸ் முதலாளிகள் சங்கத்திடமே பர்மிட் கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்தால், எச்சில் துப்பாதே என்று போர்டு வைப்பார்கள். பஸ் எண்ணிக்கையைக் குறைப்பார்களா?

அரசாங்கங்கள் சொல்லலாமே என்றால், அங்கேதான் சிக்கல். அண்டார்டிகா யாருக்கும் சொந்தமில்லை. 1959-இல் போட்ட அண்டார்டிக் ஒப்பந்தத்தின்படி வாக்குரிமை பெற்ற 29 நாடுகள் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல் இருந்தால்தான் முடிவு. அந்த ஐந்நூறு பேர் வரம்பையும் நூறு பேர் வரம்பையும் கட்டாய விதியாக்க 2009-லேயே தீர்மானம் போட்டார்கள். எல்லா நாடுகளும் ஒப்புதல் தராததால் அது இன்னும் அமலுக்கு வரவில்லை. கப்பல்காரர்கள் தாங்களாகக் கடைப்பிடிக்கும் விதியை அரசாங்கங்களால் சட்டமாக்க முடியவில்லை! சங்கத்தில் சேராமல் ஒரு நிறுவனம் கிளம்பினால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட என்னை உறுத்துவது அனுமதி கொடுக்கும் முறை. அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்பாடான 1991 மாட்ரிட் நெறிமுறைப்படி, பயணத்துக்கு முன் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்ய வேண்டும். பாதிப்பு சின்னது, தற்காலிகமானது என்று காட்டினால் தடையில்லை. ஒவ்வொரு நாடும் தன்னிடம் வரும் விண்ணப்பத்தைத் தனியாகப் பார்க்கிறது. தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னதுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, மொத்தம் இவ்வளவுதான் என்று கோடு போட யாருக்கும் அதிகாரம் இல்லை. கப்பல் கக்கும் கரித்துகள் பனியில் படிந்தால் பனி கறுத்து வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி, சீக்கிரம் உருகும். 2022-இல் வந்த ஒரு ஆய்வு, ஒரு பயணிக்குச் சுமார் 83 டன் பனி இப்படி முன்கூட்டியே உருகுவதாகக் கணக்கிட்டது. இந்தக் கணக்கு எந்த அனுமதிக் கடிதத்தில் வரும்?

வடக்கே நிலைமை வேறு. வடதுருவப் பக்கம் உள்ள ஸ்வால்பார் தீவுகள் நார்வேயின் ஆட்சியில் இருக்கின்றன. 2025 ஜனவரி 1 முதல், அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்க 43 இடங்கள் மட்டும். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். பயண நிறுவனங்கள் கத்தின. விதி மாறவில்லை. நார்வே ஒன்றும் புனிதர் மடம் இல்லை, எண்ணெய் விற்று வளர்ந்த நாடுதான். ஆனால் வீட்டுக்காரன் என்று ஒருவன் இருந்ததால் கதவைப் பாதி சாத்த முடிந்தது.

கண்ணால் பார்த்தவர்கள் அண்டார்டிகாவின் தூதுவர்களாகத் திரும்பி வருவார்கள் என்பது இந்தத் தொழிலின் பழைய வாதம். எனக்கு அதில் நம்பிக்கை கம்மி. பலர் திரும்பி வந்து அடுத்த கப்பலைத்தான் தேடுகிறார்கள்.

ஆபத்தும் சும்மா இல்லை. 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற சிறிய கப்பல் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் பிழைத்தார்கள். காரணம், இன்னொரு சுற்றுலாக் கப்பல் பக்கத்தில் இருந்தது, கடலும் அமைதியாக இருந்தது. அதே விபத்து இரண்டாயிரம் பேர் இருக்கும் கப்பலுக்கு நடந்தால், அத்தனை பேரைத் தூக்கிக்கொள்ள அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

2024 மே மாதம் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் நம் பக்கத்துக் கொச்சியில் நடந்தது. சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவதற்கென்றே அங்கே தனிக் குழு அமைத்துப் பேசினார்கள். நம் ஊடகங்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்? இந்தியா 1983 முதல் வாக்குரிமை உள்ள நாடு. மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்களை நடத்துகிறது. அந்தப் பேச்சை அடுத்த படிக்கு இழுத்துச் செல்லும் தகுதி நமக்கு உண்டு. ஒரு பருவத்துக்கு மொத்தம் இத்தனை பேர், ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை பேர் என்று உச்சவரம்பு. தலைக்கு ஒரு கட்டணம். அந்தப் பணத்தில் கப்பல்காரர்களுக்குக் கட்டுப்படாத கண்காணிப்பாளர்கள். இதை முன்வைக்க ஒரு நாடு போதும். நிறைவேற்ற 29 வேண்டும் என்பது தெரிந்ததே.

அதற்குள் போகத்தான் போகிறேன் என்பவர்கள் முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் கப்பலில் எத்தனை பயணிகள் என்று கேளுங்கள். 200-க்குள் இருந்தால் நல்லது. ஐந்நூறைத் தாண்டினால் அண்டார்டிகாவில் கால் வைக்கவே முடியாது. விளம்பரப் படத்தில் இதைப் போட மாட்டார்கள்.