சேலத்து ஓடுபாதைக்கு எத்தனை ஏஐ விமானங்கள் வேண்டும்?

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் பிளைட் சிமுலேட்டரில் ஏஐ டிராஃபிக், அதாவது மென்பொருளே ஓட்டும் மற்ற விமானங்களைச் சேர்க்க விரும்பும் நம்மூர் நண்பர்கள் பலரும் முதலில் கேட்பது, அவற்றைத் தொகுத்துத் தரும் எந்தப் பேக்கேஜில் விமானங்கள் அதிகம் என்பதைத்தான். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து பறக்க நினைக்கும் ஒருவர் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது விமான நிலையக் கோப்பை.

எஃப்எஸ்எக்ஸ், பிரீபேர்3டி ஆகிய இரண்டு சிமுலேட்டர்களிலும் ஓர் ஏஐ விமானம் நிற்க வேண்டுமானால், அதன் அளவுக்குப் பொருந்தும் பார்க்கிங் இடம் அந்தக் கோப்பில் வரையப்பட்டிருக்க வேண்டும். நம்மூருக்கு வந்து போகும் ஏடிஆர் 72 விமானத்தின் இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை 27 மீட்டர். எனவே பார்க்கிங் வட்டத்தின் ஆரம் 14 மீட்டராவது இருக்க வேண்டும். கோப்பில் இருப்பவையெல்லாம் செஸ்னா நிற்கும் அளவிலான 10 மீட்டர் வட்டங்களாக இருந்தால், எத்தனை ஜிபி லிவரிகளை (விமான நிறுவனங்களின் வண்ணப்பூச்சுகளை) இறக்கினாலும் பயனில்லை. சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் ஒழுங்காகத் தரையிறங்கும். ஓடுபாதையை விட்டு விலகியதும் நம் கண்ணெதிரே மறைந்துவிடும். பேக்கேஜ் சரியில்லை என்று அதை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏர்போர்ட் டிசைன் எடிட்டர் என்ற இலவச மென்பொருளில் நிலையத்தைத் திறந்து, இரண்டு இடங்களின் ஆரத்தைக் கூட்டி, அவற்றை விமானம் ஊர்ந்து செல்லும் பாதையான டாக்சிவேயுடன் இணைத்துச் சேமித்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

அடுத்தது அட்டவணை. சேலத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. பிறகு அந்தச் சேவை நின்று, 2023 அக்டோபரில்தான் பயணிகள் விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கின. பழைய பேக்கேஜுகளிலோ, 2012-லேயே பறப்பதை நிறுத்திவிட்ட கிங்ஃபிஷர் விமானங்கள் இன்னும் வரிசைகட்டி நிற்கின்றன. அதனால் நம் நிலையத்துக்கான நேரங்களை நாமே எழுதிக்கொள்வது நல்லது. எழுதும்போது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரமான யுடிசி நேரத்தில் எழுத வேண்டும்: காலை 11.40 என்பது 06.10 ஆகும். திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் புறப்படும் விமானம் ஞாயிறு 23.30 என்று கிழமையும் மாறி வரும்; இந்தக் கிழமை மாற்றத்தை மறந்தால் வாரம் முழுவதும் ஒரு நாள் தள்ளியே ஓடும்.

ஒவ்வொரு விமானத்துக்கும் அட்டவணையில் ஒரு விழுக்காட்டு எண் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விமானக் கூட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிராஃபிக் ஸ்லைடரை 20-இல் வைத்தால், 20-உம் அதற்குக் குறைவான எண்ணும் கொண்ட விமானங்கள் மட்டுமே தோன்றும். சேலத்து விமானங்களுக்கு 1 என்றும், பெங்களூரு, சென்னைக் கூட்டத்துக்கு 40, 60 என்றும் கொடுத்துவிட்டால், சாதாரணக் கணினியிலும் பிராசசர் திணறாமல், ஸ்லைடரைக் குறைத்து வைத்தாலும் நம்மூர் விமானம் தவறாமல் வரும். எந்தப் பெரிய பேக்கேஜும் இந்த முன்னுரிமையை நமக்காகத் தராது. ஆயிரக்கணக்கான நிலையங்களுக்கு நடுவே அவற்றைத் தயாரிப்பவர்களுக்குச் சேலம் அட்டவணையில் ஒரு வரி மட்டுமே.

மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்பில் பறப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆல்ஃபா இந்தியா குரூப், எஃப்எஸ்எல்டிஎல் போன்றவை மாடல்களையும் லிவரிகளையும் இலவசமாகவே தருகின்றன. விமானங்களைச் சிமுலேட்டருக்குள் அனுப்பும் அவற்றின் இன்ஜெக்டரை ஓடவிடும்போது சிமுலேட்டரின் சொந்த டிராஃபிக்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விமானம் இரண்டாகத் தோன்றும்.

மலை விஷயத்தில் மட்டும் என் மனம் இன்னும் ஆறவில்லை. எஃப்எஸ்எக்ஸின் ஏஐ விமானங்களுக்கு நிலப்பரப்பைத் தவிர்க்கும் அறிவு கிடையாது. நிலையத்துக்குக் கிழக்கே 1,500 மீட்டர் உயரத்துக்கு எழும் சேர்வராயன் மலையின் சரிவுக்குள் ஓர் ஏடிஆர் நுழைந்து, மறுபக்கம் ஒன்றும் நடவாததுபோல் வெளியே வருவதை, தினமும் ஏற்காட்டைப் பார்த்து வளர்ந்தவர்களால் ஏற்றுக்கொள்ள முடியாது.

கமலாபுரத்துக்கு நான் திருத்திய நிலையக் கோப்பும் அட்டவணையும் வேண்டுவோர் கமெண்டில் கேட்கலாம். எந்தச் சிமுலேட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எஃப்எஸ் 2004 என்ற முந்தைய பதிப்பின் வடிவிலான டிராஃபிக் கோப்பு ஒன்றே ஒன்று எஃப்எஸ்எக்ஸுக்குள் புகுந்துவிட்டாலும், எஃப்எஸ்எக்ஸின் சொந்த வடிவில் உள்ள டிராஃபிக் கோப்புகள் அத்தனையும் செயலற்றுப் போய்விடும். ஆகவே கேட்காமல் அனுப்ப எனக்கு விருப்பமில்லை.