படத்தில நாங்கள் இருக்கிறம், பாக்கிற இடத்தில இல்லை

இலங்கையின்ர வடக்கில, எங்கட வன்னியில எடுத்த ஆவணப்படத்தை வன்னியில இருந்து பாக்கேலாது. பாரிசில பாக்கலாம், ரொறொன்ரோவில பாக்கலாம், ஜெனீவாவில மண்டபம் எடுத்துக் காட்டுவினம். புதுக்குடியிருப்பில இருக்கிற நான் லிங்க்கை அமத்தினால் 'உங்கள் நாட்டில் இந்தக் காணொளி கிடைக்காது' எண்டு வருது. எந்த நாட்டில எடுத்த படம் அது? எங்கட ஒழுங்கையில எடுத்தது!

எனக்கு இப்பிடியான படங்களில சரியான விருப்பம். பெரிய நடிகர்மாரின்ர படம் வெளிவந்த கையோட போனுக்கு வந்திடும், அதை நான் தேடத் தேவையில்லை. நான் தேடுறது, ஒரு கமராவை வைச்சுக்கொண்டு ஒரு வீட்டில மாசக்கணக்காக் கிடந்து எடுத்த படத்தை. கதியால் வேலி, தகரக் கொட்டில், கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு கதைக்கிற பொம்பிளையள். கேள்வி கேட்டாப்பிறகு ஒரு தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பா பாருங்கோ, அந்த நேரத்தை வெட்டாமல் விடுற பொறுமை இந்தப் படங்களிலதான் இருக்கு. அதைப் பாக்கிறதுக்காக எவ்வளவு டேட்டா போனாலும் எனக்குக் கவலையில்லை. ஆனா படம் கையில கிடைச்சால்தானே!

எங்கட மாமி வீட்டுக்கும் ஒரு குழு வந்தது. மகன் 2009 இல காணாமல் போனவன். மாமி புட்டு அவிச்சு, மீன் குழம்பு வைச்சுக் குடுத்தவ. படலையைத் திறந்து வாங்கோ, இன்னொருக்கா வாங்கோ எண்டு திரும்பத் திரும்ப நடக்க வைச்சினம். நடந்தா. பிறகு மகன்ர படத்தை எடுக்கேக்க கண்ணாடியில வெளிச்சம் தெறிக்குது, கழட்டுங்கோ எண்டினம். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில ஈரம் பட்டுக் கண்ணாடியோட ஒட்டிப்போன படம் அது. இழுக்க, ஒரு மூலை பிய்ஞ்சு போச்சு. மாமி ஒரு சொல்லும் சொல்லேல்லை. நாலு பேர் பாத்தால் ஆரும் ஏதும் தகவல் சொல்லுவினம் எண்டு நினைச்சிருக்கிறா. போகேக்க, "படம் முடிஞ்சதும் உங்களுக்குத்தானம்மா முதல்ல காட்டுவம்" எண்டு கையைப் பிடிச்சுச் சொல்லிப்போட்டுப் போச்சினம்.

படம் முடிஞ்சு, விழா விழாவாப் போய், பரிசும் எடுத்திட்டுது. எங்களுக்கு வந்தது ஃபேஸ்புக்கில ட்ரெயிலர் மட்டும். அதில மாமி வாயைத் திறக்கிறா, ரெண்டு சொல் கேக்குது, உடன அவவின்ர குரலை அமத்திப்போட்டு மேல ஒரு ஆங்கிலக் குரல் ஓடுது. தன்ர மகனைப் பற்றித் தான் என்ன சொன்னனான் எண்டு அவவுக்கே கேக்கேல்லை. எனக்கு அண்டைக்கு வந்த ஆத்திரம் இண்டைக்கும் அடங்கேல்லை.

அவையளுக்கு எழுதிக் கேட்டன். விழாக்களில ஓடிக்கொண்டிருக்கு, கொஞ்சம் பொறுங்கோ எண்டு பதில் வந்தது. திரும்பக் கேட்டன். பாஸ்வேர்ட் போட்ட லிங்க் ஒண்டு அனுப்பிச்சினம். எங்கட பக்கத்துச் சிக்னலில படம் சுத்திச் சுத்தி நிண்டு, அடுத்த நாள் திறக்கப் பாத்தால் லிங்க்கின்ர காலம் முடிஞ்சுதாம். பிறகு கேட்டதுக்குப் பதிலே இல்லை. மாமி காணுற நேரமெல்லாம் கேக்கிறா, "பிள்ளை, அந்தப் படம் வந்திட்டுதோ?" நான் என்னத்தைச் சொல்ல?

முதல் திரையிடல் தங்களுக்குத்தான் வேணும் எண்டு விழாக்காரர் கேக்கிறவை, எனக்குத் தெரியும். விநியோக உரிமையை வித்தால் நாடு நாடாப் பூட்டுப் போடுவினம், அதுவும் தெரியும். ஆனா படத்தில வந்த சனத்துக்குத் தனிப்படப் போட்டுக் காட்டுறதைப் பொதுவா முதல் திரையிடல் எண்டு கணக்கெடுக்கிறேல்லை. ஒரு பொதுநோக்கு மண்டபத்தில வெள்ளைத் துணி கட்டி அம்பது பேருக்குக் காட்டினால் ஆற்ற பரிசு குறையப்போகுது?

எங்களுக்குப் படம் பாக்கத் தெரியாது எண்டு நினைக்கினமோ? சண்டைக்காலத்தில வன்னிக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயில ஜெனரேற்றரை ஓட்டி, வாடகைக்கு ரீவியும் டெக்கும் எடுத்து, முத்தத்தில பாய் விரிச்சு விடிய விடியப் பாத்த சனம் நாங்கள். சண்டைக்குள்ள இருந்துகொண்டே குறும்படம் எடுத்த ஊர் இது. காட்சி நல்லா இருக்கோ, பொய்யா இருக்கோ எண்டு எங்கட அம்மம்மாமாரே சொல்லிப்போடுவினம்.

2015 இல இருந்து யாழ்ப்பாணத்தில சர்வதேச சினிமா விழா நடக்குது. நல்ல விசயம், நடத்திறவையில எனக்குப் பெரிய மரியாதை. ஆனா எங்களுக்கு அது பரந்தன் போய் ஏ9 வீதியில ஏறிப் போற கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் பயணம். பின்னேரப் படம் பாத்தால் திரும்பி வர பஸ் இல்லை. அங்கயும் 2018 இல என்ன நடந்தது? யூட் ரட்ணம் எண்ட இலங்கைத் தமிழ் இயக்குநர் எடுத்த ஆவணப்படம் 'டீமன்ஸ் இன் பரடைஸ்', 2017 இல பிரான்சின்ர கான் விழாவில காட்டின படம், அதை எதிர்ப்பு வர நிப்பாட்டிப்போட்டினம். அந்தப் படத்தில பிழை இருக்கெண்டால் பாத்துப்போட்டு முகத்துக்கு நேர சண்டை பிடிச்சிருப்பம். புலிகள் இயக்கத்தைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் கதைக்கிற படத்தை வன்னிச்சனம் பாக்கக் கூடாது எண்டால் வேற ஆர் பாக்கிறது?

இலங்கையில இருந்து பிரான்சுக்கு அகதியாப் போன தமிழரைப் பற்றின 'தீபன்' எண்ட பிரெஞ்சுப் படம் 2015 இல கான் விழாவின்ர உச்சப் பரிசான தங்கப்பனையை எடுத்தது. பெரும்பகுதி தமிழில கதைக்கிற படம். எங்கட கைக்கு வந்தது ஆரோ பென்ட்ரைவில கொண்டுவந்த கள்ளக் கொப்பி. பிரெஞ்சில கதைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு ஊமைப்படம். தமிழ் எழுத்துப் போட ஒருத்தருக்கும் தோணேல்லை.

பயம் இருக்கு, அதை நான் மறைக்கேல்லை. 2011 இல பிரித்தானியாவின்ர சனல் 4 தொலைக்காட்சி எங்கட கடைசிச் சண்டையைப் பற்றிக் காட்டின படத்தையெல்லாம் அந்த நேரம் இங்க ஒரு மண்டபத்தில போட்டிருக்கவே ஏலாது. இண்டைக்கும் சனம் கூடினால் சிவில் உடுப்பில வந்து பேர் கேக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனா எல்லாப் படமும் அப்பிடியான படமில்லை. மீன்பிடியைப் பற்றி, காணியைப் பற்றி, நுண்கடனில மாட்டின பொம்பிளையளைப் பற்றி எடுத்த படங்களும் எங்களுக்கு வரேல்லை. அதுக்கு என்ன சாட்டு? அதோட, கமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ள வரேக்க இல்லாத பயம் படத்தைக் கொண்டுவந்து காட்டேக்க மட்டும் எங்க இருந்து வருது?

இனி எங்கட ஊருக்குக் கமராவோட வாற ஆக்களிட்ட நான் முதல்லயே கேக்கப்போறன்: திரும்பி எப்ப வருவியள்? ஆங்கிலக் குரல் ஏத்தாத பிரதி ஒண்டு தருவியளோ? எழுதித் தாங்கோ. ஏலாதெண்டால் படலையோடயே நில்லுங்கோ. முந்தி எடுத்துக்கொண்டு போன ஆக்களுக்கும் சொல்லுறன், லிங்க் வேண்டாம். ஆவணியில வெளிநாட்டில இருந்து ஊருக்கு வராத சனமே இல்லை, ஆரிட்டயும் ஒரு பென்ட்ரைவைக் குடுத்து விடுங்கோ. புரொஜெக்டரை நாங்கள் வாடகைக்கு எடுக்கிறம்.