உங்கள் ஏரியா சபா பிரதிநிதி யார், தெரியுமா?

ஏரியா சபா என்றால் வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் சபை. சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்து ஏரியா சபா, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி. மொத்தம் 200 வார்டு. அப்படியென்றால் சாலை, வடிகால், விளக்கு, பூங்கா பற்றியெல்லாம் மக்கள் சார்பில் முறைப்படி பேச இந்த ஊரில் 2,000 பேர் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். கவுன்சிலர் பெயரைச் சொன்னார்கள், வட்டச் செயலாளர் பெயரைக்கூடச் சொன்னார்கள். சபா பிரதிநிதி யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கும் ஏரியா சபாவுக்குமான விதிகள் வந்தது 2022 ஜூனில். சரி, அப்போதாவது வந்ததே. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கோட்டை விட்டார்கள். பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் சபா உறுப்பினர்கள், ஆனால் பிரதிநிதியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநகராட்சி மாமன்றம் நியமிக்கிறது. நடைமுறையில் அது கவுன்சிலர் கொடுக்கும் பட்டியல்தான். இந்தப் பிரதிநிதிகள் உட்காரும் வார்டு கமிட்டிக்குத் தலைவரும் அதே கவுன்சிலர். தன்னைக் கேள்வி கேட்க வேண்டிய ஆளைத் தானே பொறுக்கிக்கொள்ளலாம் என்றால், எந்தக் கவுன்சிலர் வம்புக்காரரைப் பொறுக்குவார்?

தெருவோர வியாபாரிகள் நிலைமை இந்த விஷயத்தில் மேல். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெருக்கடை விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள். அவர்களை வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். (குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்பது தனிக் கதை.) நடைபாதையில் கடை போட்டிருக்கும் பூக்கார அம்மாவுக்கு ஓட்டு உண்டு, அதே நடைபாதையில் நடக்கிற நமக்கு நியமனம்!

தேர்தல் வைத்தால் அங்கேயும் கட்சிதான் வரும் என்கிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் குலுக்கல் போடலாம் என்கிறேன். வாக்காளர் பட்டியலிலிருந்து, பாதி பெண்கள் என்று வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் சீட்டு எடுக்கலாம். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளட்டும், அடுத்த சீட்டை எடுப்போம். அயர்லாந்தில் 2016-இல் இப்படித்தான் 99 சாதாரணக் குடிமக்களைப் பொறுக்கி, கருக்கலைப்புச் சட்டம் பற்றியே பேச உட்காரவைத்தார்கள். நம் தெரு வடிகாலைப் பற்றிப் பேச நம் ஆட்களுக்குத் தெரியாதா?

உடனே உத்திரமேரூர் குடவோலையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அங்கே பானையில் ஓலை போட நிலமும் வேதமும் வேண்டும், பெண்களுக்கு இடமே இல்லை. அதையா கொண்டாடுவது? ஆனால் அந்தப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் மேடையில் யாரும் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி பானைக்குள் போகாது. அவன் மட்டுமா? அப்பன், மகன், மாமனார், மருமகன், மச்சான், சித்தி பெரியம்மா பிள்ளைகள் என்று சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தடை. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. கடன் வாங்குவதென்றால் இந்த விதிகளை வாங்குவோம்.

குலுக்கலும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு: வாடகைக்காரர்கள். நான் போன ஒரு கூட்டம் வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு. முன்வரிசையில் பிளாஸ்டிக் கவரில் ஃபைலோடு நலச்சங்கப் பெரியவர்கள். அவர்கள் கேட்டதெல்லாம் கார் நிறுத்த இடம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “நாங்க வாடகைக்கு இருக்கோம் சார், பேசலாமா?” என்றார். அவர் வாக்காளர் அட்டை இன்னும் சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது. விதிப்படி அவர் சபாவிலேயே இல்லை. ஆனால் அந்தத் தெருவில் மழைத் தண்ணீர் முதலில் நுழைவது அவர் இருக்கும் தரைத்தள வீட்டுக்குள்தான். “பேசுங்கம்மா, சீக்கிரம்” என்றார்கள். பேசினார். மினிட்ஸ் எழுதியவர் பேனாவை எடுக்கவில்லை. வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ காட்டினால் போதும், பெயர் சேர்க்கலாம் என்று விதியைத் திருத்த அரசாணை போட எவ்வளவு நேரம் ஆகும்?

விதி மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வார்டில் பிரதிநிதிகளை நியமித்த மாமன்றத் தீர்மானத்தின் நகல், பெயர்ப் பட்டியல், கடைசிக் கூட்டத்தின் மினிட்ஸ் மூன்றையும் ஆர்டிஐயில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நானும் போட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.