புல்தரைதான் தண்ணீர் குடிக்கும்
கைவிட்ட ரயில் பாலத்தைப் பூங்காவாக்கினால் லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கொங்கு மண்ணுக்கு ஒத்துவராது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நியூயார்க்கில் ஹைலைன் என்ற உயரப் பாலத்து ரயில் பாதையில் 1980-ல் ரயில் நின்றது. 2009-ல் பூங்காவாகத் திறப்பதற்கு முன்பே அங்கே புல்லும் பூச்செடியும் தானாக முளைத்துக் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் பூங்காவுக்கான செடிகளையே தேர்ந்தெடுத்தார்கள். கோவை போத்தனூர் பக்கம் ரயில் ஓடாத தண்டவாளத்தில், ஜல்லிக்கு நடுவே ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை. எங்கள் ஏரியா பூங்காவில் பதித்த கொரியன் புல் ஒரே கோடையில் சருகாகிவிட்டது, ஓரத்து வேம்பும் பூவரசும் அப்படியே நிற்கின்றன. அப்புறம், வெயிலில் யார் நடப்பார்கள் என்று அந்தக் கட்டுரைக்கான கருத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். பாரிஸில் 1969-ல் ரயில் நின்ற பாஸ்டில் பாதையில் மேலே பூங்கா, அடியில் பாலத்தின் வளைவுகளுக்குள் கைவினைப் பட்டறைகள். நமக்கும் முதலில் அந்த அடி நிழலைத்தான் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.